திரைக்குப் பின்னால் ஒரு தொழில்

நுழையும்முன்

கணினித் திரையிலும் அலைபேசியிலும் நாம் காண்பது இணையத்தின் முன்புறம். நாம் கேட்பதைத் தேடி எடுத்து, சரிபார்த்து, திரைக்கு அனுப்பிவைக்கும் பின்புறம் ஒன்றும் உண்டு. அப்பின்புறத்திற்கு நிரல் எழுதுவது இன்று பலருக்கும் வாழ்வளிக்கும் தொழிலாக வளர்ந்துள்ளது. அத்தொழில் யாது, அதில் நுழைவது எவ்வாறு, நுழைவோர் எதற்குப் பொறுப்பேற்கின்றனர் என்பவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

1. விளக்கு ஓரிடம், மின்னாக்கம் வேறிடம்

மாணவச் செல்வங்களே, நாம் வாழும் மைசூருவிலிருந்து பேருந்தில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் உள்ளது சிவசமுத்திரம். காவிரி அங்கு அருவியாக வீழ்கிறது. அந்த நீரின் விசையைக் கொண்டு மின்னாற்றல் உண்டாக்கும் நிலையம் 1902ஆம் ஆண்டு அங்கே இயங்கத் தொடங்கியது. அம்மின்னாற்றல் முதலில் மைசூருவுக்கு வரவில்லை. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்குக் கம்பி வழியாகச் சென்றது. அச்சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழர்கள். தங்கவயலில் விளக்கு எரிந்தது; அதனை எரியச்செய்த பொறியோ சிவசமுத்திரத்தில் சுழன்றது. விளக்கைக் கண்டவர் பொறியைக் கண்டதில்லை. ஆயினும் பொறி நின்றால் விளக்கும் அணைந்துவிடும்.

இணையமும் இவ்வாறே அமைந்தது. திரையில் தோன்றும் பக்கம் விளக்கைப் போன்றது. அதற்குரிய செய்தியைத் தரும் கணினி எங்கோ ஒரு நகரில், குளிரூட்டப்பட்ட அறையில், இரவும் பகலும் இயங்குகிறது. அக்கணினியைச் ‘சேவையகம்’ என்பர். பேச்சுவழக்கில் ‘சர்வர்’ என்போம். நம் கையிலுள்ள கருவியில் பக்கத்தைக் காட்டும் மென்பொருளுக்கு ‘உலாவி’ என்று பெயர். உலாவி கேட்கும், சேவையகம் கொடுக்கும். எதைக் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது, எதை மறுப்பது என்று சேவையகத்திற்குக் கற்பிப்பதே ‘சேவையக நிரலாக்கம்’ ஆகும்.

உலகின் முதல் இணையச் சேவையகம் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. 1989ஆம் ஆண்டு உலகளாவிய வலை என்னும் திட்டத்தை முன்மொழிந்த டிம் பெர்னர்ஸ் லீ, தம் மேசைக் கணினியையே அதற்குப் பயன்படுத்தினார். யாரேனும் அறியாமல் அதனை நிறுத்திவிட்டால் உலகின் ஒரே இணையதளமும் நின்றுவிடும். ஆகவே, இக்கணினி சேவையகம், இதனை அணைக்க வேண்டா என்னும் பொருளில் ஒரு சீட்டை எழுதி அதன்மேல் ஒட்டிவைத்தார். இத்தொழிலின் முதற்கடமையை அச்சீட்டிலேயே காணலாம்: பிறர் நம்பியிருக்கும் ஒன்றை நிற்கவிடாமல் காத்தல்.

2. ஒரு பயணச்சீட்டின் பயணம்

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குச் செல்ல உங்கள் வீட்டில் பயணச்சீட்டு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மைசூரு–தூத்துக்குடி விரைவு வண்டியில் மதுரைக்கு இடம் வேண்டும். பயண நாளுக்கு 60 நாள்களுக்கு முன் காலை 8 மணிக்கு முன்பதிவு தொடங்குகிறது. உங்கள் தந்தையார் 8 மணிக்குச் சற்று முன்னதாகவே அலைபேசியுடன் அமர்ந்துவிடுகிறார். 2002ஆம் ஆண்டு இந்திய ரயில்வேயின் இணையவழி முன்பதிவு தொடங்கும் வரை, இதற்காக நிலையத்தின் சாளரத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. இன்று வரிசை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் வரிசை மறைந்துவிடவில்லை. அது சேவையகத்தின் வாயிலுக்கு இடம்பெயர்ந்துள்ளது.

அவர் ‘தேடு’ என்னும் பொத்தானைத் தொட்டதும் நிகழ்வனவற்றை வரிசைப்படுத்துவோம்.

முதலாவதாக, இணையதளத்தின் பெயருக்குரிய எண் முகவரி கண்டறியப்படுகிறது. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் இவ்வமைப்பு அலைபேசியிலுள்ள தொடர்புப் பட்டியலைப் போன்றது.

இரண்டாவதாக, உலாவி அம்முகவரிக்கு ஒரு ‘கோரிக்கை’ அனுப்புகிறது. எந்த நாள், எங்கிருந்து, எங்கு என்னும் விவரங்கள் அதில் அடங்கியிருக்கும்.

மூன்றாவதாக, சேவையகத்திலுள்ள நிரல் அக்கோரிக்கையைச் சோதிக்கிறது. நாள் முறையானதா, கேட்பவர் தம் கணக்கில் நுழைந்தவர்தாமா என்று பார்க்கிறது.

நான்காவதாக, நிரல் ‘தரவுத்தளம்’ என்னும் பெரும் பதிவேட்டை அணுகி, அந்த நாளில் எத்தனை இடங்கள் உள்ளன என்று வினவுகிறது.

ஐந்தாவதாக, கிடைத்த விடையை ஒழுங்குபடுத்தி உலாவிக்கு ‘மறுமொழி’யாக அனுப்புகிறது. மறுமொழியின் தலைப்பில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 200 எனில் எல்லாம் நலம். 404 எனில் கேட்ட பக்கம் அங்கு இல்லை. 500 எனில் சேவையகத்திற்குள்ளேயே ஏதோ பிழை நேர்ந்துள்ளது. இனி உங்கள் திரையில் 500 என்ற எண்ணைக் கண்டால், எங்கோ ஒரு பொறியாளர் அப்பிழையைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று அறிந்துகொள்ளுங்கள்.

இவ்வைந்து படிகளும் சில நொடிகளுக்குள் முடிந்துவிடுகின்றன. மூன்றாம், நான்காம், ஐந்தாம் படிகளை எழுதுபவரே சேவையக நிரலர்.

3. ஒரே படுக்கை, இருவர் கைகள்

இத்தொழிலின் கடினம் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். வண்டியில் ஒரே ஒரு படுக்கை எஞ்சியிருக்கிறது. மைசூருவில் உங்கள் தந்தையாரும் சேலத்தில் வேறொருவரும் ஒரே நேரத்தில் அதனைக் கேட்கின்றனர். எளிய நிரலர் ஒருவர் பின்வருமாறு எழுதக்கூடும்:

இடம் இருக்கிறதா என்று பார்.
இருந்தால் கேட்டவர் பெயரில் பதிவு செய்.
இல்லையெனில் காத்திருப்போர் பட்டியலில் சேர்.

படிப்பதற்கு இது முறையாகவே தோன்றும். ஆயினும் இருவருக்காகவும் ‘பார்’ என்னும் படி நிகழ்ந்த பின்னர், இருவருக்காகவும் ‘பதிவு செய்’ என்னும் படி நிகழ்ந்தால் என்னாகும்? இருவருக்கும் ‘இடம் உண்டு’ என்றே விடை கிடைக்கும். ஒரு படுக்கை இருவருக்கு விற்கப்பட்டுவிடும். நள்ளிரவில் இரு குடும்பங்கள் ஒரே படுக்கைக்கு முன் நின்று வாதிடும். தவறு அவ்விருவரிடமும் இல்லை. பயணச்சீட்டுப் பரிசோதகரிடமும் இல்லை. எப்போதோ, எங்கோ எழுதப்பட்ட மூன்று வரிகளில் உள்ளது.

இதனைத் தவிர்க்கப் பார்த்தலையும் பதிதலையும் பிரிக்க முடியாத ஒரே செயலாக்குவர். ஒருவருக்காக அப்படுக்கையின் பதிவு திறக்கப்பட்டிருக்கும்போது, மற்றவருக்கு அது பூட்டப்பட்டிருக்கும். இவ்வாறு கட்டப்பட்ட செயல்தொகுதிக்குப் ‘பரிமாற்றம்’ என்று பெயர். அதன் விதி எளிது: எல்லாப் படிகளும் நிறைவேற வேண்டும், அன்றேல் எதுவும் நிகழாததாகக் கருதப்பட வேண்டும். பணம் எடுக்கப்பட்டுச் சீட்டுப் பதிவாகவில்லை என்னும் இடைநிலை நீடிக்கக் கூடாது. இத்துறைக்கு அடிப்படை வகுத்த அறிஞர்களுள் ஒருவரான ஜிம் கிரேவுக்குக் கணினியியலின் உயர்ந்த பரிசான டூரிங் விருது 1998ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்டது.

நிரல் மொழியின் சொற்களைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். ‘இருவர் ஒரே நேரத்தில் கேட்டால்?’, ‘பாதியில் மின்சாரம் நின்றால்?’, ‘ஒருவர் பொத்தானை இருமுறை அழுத்தினால்?’ என்று வினவும் பழக்கத்தைக் கற்பதற்கே காலம் பிடிக்கும். சேவையக நிரலருக்கு ஊதியம் தரப்படுவது பெரிதும் இவ்வினாக்களுக்காகவே.

4. பெயருக்குள் ஒரு கணக்கு

தமிழ் கற்கும் உங்களுக்கு நெருக்கமான வேறோர் எடுத்துக்காட்டைக் காண்போம். ‘தமிழ்ச்செல்வி’ என்னும் பெயரில் எத்தனை எழுத்துகள்? த, மி, ழ், ச், செ, ல், வி என ஏழு. கணினியின் கணக்கு வேறு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் ‘யூனிகோடு’ முறையில் தமிழ், 1991ஆம் ஆண்டு வெளிவந்த முதற்பதிப்பிலேயே இடம்பெற்றது. அம்முறையில் ‘மி’ என்பது ‘ம’ என்னும் எழுத்தும் அதன் பின்வரும் இகரக் குறியும் ஆகிய இரு குறியீடுகள். ‘ழ்’ என்பது ‘ழ’வும் புள்ளியும். இவ்வாறு எண்ணினால் தமிழ்ச்செல்விக்குப் பதின்மூன்று குறியீடுகள். இணையத்தில் பெருவழக்காக உள்ள யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டு இடம் தேவை. ஆகவே அப்பெயர் 39 பைட்டுகளைக் கொள்கிறது.

‘பெயருக்குப் பத்துக் குறியீடுகள் போதும்’ என்று ஒரு நிரலர் முடிவு செய்துவிட்டார் என்று கொள்வோம். அவர் ஆங்கிலப் பெயர்களை மட்டுமே மனத்தில் கொண்டிருந்தார். தமிழ்ச்செல்வி தம் பெயரை எழுதி அனுப்பினால், பதிவேட்டில் ‘தமிழ்ச்செல’ என்று நின்றுவிடும். அடுத்த முறை அடையாள அட்டையோடு ஒப்பிடும்போது பெயர் பொருந்தவில்லை என்று அவருடைய விண்ணப்பம் மறுக்கப்படலாம்.

குடும்பப்பெயர் பற்றிய சிக்கலும் இத்தகையதே. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் தந்தை அல்லது தாய் பெயரின் முதலெழுத்தை முன்னெழுத்தாக இடுகின்றனர், குடும்பப்பெயர் வைப்பதில்லை. ‘குடும்பப்பெயர் கட்டாயம்’ என்று எழுதப்பட்ட படிவத்தை நிரப்பும் தமிழர், தந்தை பெயரையோ, ஊர்ப் பெயரையோ, தம் பெயரையே இரண்டாம் முறையோ எழுதித் தப்பிக்கிறார். பின்னர்ப் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் வேறொரு பெயர் என்று அலைய நேர்கிறது. வேறு மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வலைச்சல் புதிதன்று.

இதிலிருந்து தெளிய வேண்டியது ஒன்று. திரையின் முன்புறத்தில் இருப்பவர் படிவத்தை நிரப்புகிறார். பின்புறத்தில் இருப்பவர் விதியை எழுதுகிறார். விதி எழுதுபவருக்கு எத்தனை வகை மனிதரைத் தெரியுமோ அத்தனை வகை மனிதருக்கே அவ்விதி இடம் தரும். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமுமாக வளரும் உங்களுக்கு, ஒரே நாட்டில் பெயர்களும் எழுத்துகளும் எத்தனை வகைப்படும் என்பது பிறர் சொல்லாமலே தெரியும். இவ்வறிவு இத்தொழிலுக்குப் பெருந்துணை.

5. சிறிய தேவையே தொடக்கம்

இன்று பெரிதாக நிற்கும் பல, சிறு தேவையில் தொடங்கியவை. 1994ஆம் ஆண்டு ராஸ்மஸ் லெர்டோர்ஃப் என்பவர், இணையத்தில் தாம் வைத்திருந்த தன்விவரக் குறிப்பை யார் யார் பார்க்கின்றனர் என்று அறிய விரும்பினார். அதற்காகச் சில சிறு நிரல்களை எழுதி, மறு ஆண்டு அவற்றை அனைவருக்கும் பொதுவில் வழங்கினார். அதுவே வளர்ந்து பி.எச்.பி. என்னும் சேவையக மொழியாயிற்று. 2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா உட்பட, விக்கிப்பீடியாவின் எல்லா மொழிப் பதிப்புகளும் அம்மொழியில் எழுதப்பட்ட மென்பொருளின் மீதே இயங்குகின்றன.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான வரலாறு ஒன்று உண்டு. 1996ஆம் ஆண்டு அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கிய நிறுவனம், 2009ஆம் ஆண்டு சோகோ எனப் பெயர் மாற்றம் பெற்றது. கணக்கு எழுதுதல், மின்னஞ்சல், ஆவணம் தயாரித்தல் போன்ற அலுவலகப் பணிகளை இணையவழியே செய்யும் மென்பொருள்களை அது ஆக்குகிறது. இவை அனைத்தும் சேவையக நிரலாக்கத்தின் பயனே. கல்லூரிப் பட்டத்திற்கும் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பு நாம் எண்ணுமளவு வலிமையானதுதானா என்னும் ஐயம் அந்நிறுவனத்தாருக்கு எழுந்தது. எனவே பன்னிரண்டாம் வகுப்பும் பட்டயப்படிப்பும் முடித்த ஒருசில மாணவர்களைத் தேர்ந்து, 2004–05 காலத்தில் தாமே பயிற்சி அளிக்கத் தொடங்கினர். சோகோ பள்ளிகள் என்று இன்று அறியப்படும் அப்பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. மாணவர்க்கு மாதந்தோறும் உதவித்தொகையும் வழங்கப்படுகிறது. அங்குப் பயின்ற பலர் அந்நிறுவனத்திலேயே பொறியாளர்களாகப் பணிபுரிகின்றனர்.

2011ஆம் ஆண்டு அந்நிறுவனம் தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் ஓர் அலுவலகத்தைத் திறந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வயல்கள் சூழ்ந்த அச்சிற்றூரிலிருந்து எழுதப்படும் நிரல்களை உலகின் பல நாட்டினர் பயன்படுத்துகின்றனர். சேவையகம் எங்கிருந்தாலும் இயங்கும். அதற்கு நிரல் எழுதுபவரும் எங்கிருந்தாலும் எழுதலாம். வேலைக்காக ஊரைவிட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளாகிய நீங்கள் இச்செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். சொந்த ஊருக்குத் திரும்பவும் வழி தரக்கூடிய தொழில்கள் சிலவே. இது அவற்றுள் ஒன்று.

6. வாயில்கள் பல

இத்தொழிலுக்குள் நுழையும் வாயில்களை வகைப்படுத்திக் காண்போம்.

பட்டப்படிப்பு வாயில்: இதுவே பலரும் செல்லும் வழி. நம் மைசூருவின் ஹெப்பால் தொழிற்பகுதியில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பெரும் பயிற்சி மையம் உள்ளது. கல்லூரிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இளையோர் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்து, அங்குத் தங்கிச் சில மாதங்கள் பயில்கின்றனர். பொறியியல் படித்தவர்களுக்கே நிறுவனம் மீண்டும் நிரலாக்கம் கற்பிக்கிறது என்பதை நினைவில் கொள்க. பட்டம் வாயிற்கதவைத் திறக்கிறது. உள்ளே செய்ய வேண்டிய பணியைப் புதிதாகக் கற்றுத்தான் ஆக வேண்டும்.

பள்ளி வாயில்: நம் பாடத்திட்டத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குரிய கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் மொழியும், தரவுத்தளத்தை வினவும் எஸ்.கியூ.எல். மொழியும் உள்ளன. இரண்டையும் இணைக்கும் பகுதியும் உண்டு. இவை மூன்றுமே சேவையக நிரலாக்கத்தின் அடித்தளம். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்வோர் தேர்வோடு மறந்துவிடுகின்றனர். ஏதேனும் ஒன்றை ஆக்கிப் பார்ப்போர்க்கு அதுவே தொழிலின் முதற்படி ஆகிறது.

இணையவழி வாயில்: சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020ஆம் ஆண்டு இணையவழியில் ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதில் சேரப் பெரும் நுழைவுத்தேர்வு தேவையில்லை. நான்கு வாரப் பாடங்களைப் பயின்று தகுதித்தேர்வில் வென்றால் போதும். இணையச் செயலிகளை ஆக்கும் பாடங்களும் அதில் உள்ளன. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் லினக்ஸ், பைத்தான் முதலியவற்றைச் சிறு ஒளிப்படப் பாடங்களாக இலவசமாக வழங்குகிறது. அவற்றுள் பலவற்றுக்குத் தமிழ் ஒலி வடிவமும் உண்டு.

தொழிற்பயிற்சி வாயில்: தொழிற்பயிற்சி நிலையங்களில் கணினி இயக்குநர் மற்றும் நிரலாக்க உதவியாளர் என்னும் ஓராண்டுப் பிரிவு உள்ளது. பலதொழில்நுட்பக் கல்லூரிகளில் கணினிப் பட்டயப்படிப்பு மூன்றாண்டு. குடும்பச் சூழலால் விரைவில் பொருளீட்ட வேண்டியவர்க்கு இவை தகுந்த வழிகள்.

எச்சரிக்கை ஒன்றும் கூறவேண்டும். ‘மூன்றே மாதத்தில் வேலை உறுதி’ என்று விளம்பரம் செய்து பெருந்தொகை கேட்போர் எல்லா நகரங்களிலும் உளர். பணம் கட்டுவதற்கு முன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். கற்பிப்பவர் தாமே இத்தொழிலைச் செய்தவரா? முன்பு பயின்றோர் ஆக்கிய இணையதளத்தைக் காட்ட இயலுமா? இலவசமாகக் கிடைக்காத எதனை இங்குக் கற்பிக்கின்றனர்? விடை தெளிவாக இல்லையேல் பெற்றோரின் பணத்தைக் காப்பாற்றுங்கள்.

7. முதல் ஆக்கம்: நூல் அலமாரி

எங்கிருந்து தொடங்குவது? ஒரு சிறிய, முழுமையான ஆக்கத்திலிருந்து தொடங்குக. நம் தமிழ் வகுப்பின் நூல் அலமாரியையே எடுத்துக்கொள்வோம். எந்த நூலை யார் எடுத்துச் சென்றார், எப்போது திருப்பித் தருவார் என்று இப்போது குறிப்பேட்டில் எழுதிவைக்கிறோம். இதனை இணையப்பக்கமாக மாற்றுவதே உங்கள் பணி.

முதல் மாதம், பைத்தான் மொழியின் அடிப்படை. நிபந்தனை, மடக்கு, செயற்கூறு ஆகியவற்றை அறிந்தால் போதும். நிரல் எழுதும் முன் அதன் படிகளைத் தமிழில் எழுதிப் பாருங்கள். தாய்மொழியில் தெளிவாக எழுத முடியாத ஒன்றை எந்த நிரல் மொழியிலும் எழுத இயலாது.

இரண்டாம் மாதம், தரவுத்தளம். மாணவர், நூல், இரவல் என மூன்று அட்டவணைகளை அமையுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வொரு நூலுக்கும் தனி எண் கொடுங்கள். ஒரே பெயரில் இருவர் இருக்கலாம். ஒரே எண்ணில் இருவர் இருத்தலாகாது.

மூன்றாம் மாதம், கோரிக்கையும் மறுமொழியும். பைத்தானில் ஃபிளாஸ்க் போன்ற எளிய கட்டமைப்பு ஒன்றைக் கொண்டு, உலாவி கேட்டதும் நூற்பட்டியலைத் தரும் பக்கத்தை ஆக்குங்கள்.

நான்காம் மாதம், விதிகள். இரவலில் உள்ள நூலை மற்றொருவர் கேட்டால் மறுக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு நூல்களுக்கு மேல் தரலாகாது. பெயர் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சிதையாமல் பதிய வேண்டும்.

ஐந்தாம் மாதம், பாதுகாப்பு. கடவுச்சொல்லை உள்ளபடியே பதிவேட்டில் எழுதிவைக்கலாகாது. மூலத்தைத் திரும்பப் பெற முடியாத குறியீடாக மாற்றியே வைக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் எதனையும் சோதிக்காமல் தரவுத்தளத்திடம் ஒப்படைக்கலாகாது. பதிவேட்டுக்கு நாள்தோறும் ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

ஆறாம் மாதம், பயன்பாடு. வகுப்புத் தோழர்களிடம் ஒப்படைத்துவிட்டு அமைதியாகப் பாருங்கள். நீங்கள் எண்ணாத பொத்தானை ஒருவர் அழுத்துவார். எண்ணாத விடையை ஒருவர் எழுதுவார். அவர்களைக் குறை கூறாமல் நிரலைத் திருத்துங்கள். நாற்பது பேர் பயன்படுத்தும் ஒரு சிறு தளத்தை ஓராண்டு பழுதின்றி நடத்தியவரிடம் சொல்வதற்கு ஒரு கதை இருக்கும். நேர்முகத்தேர்வில் சான்றிதழ்க் கட்டைவிட அக்கதையே அதிகம் பேசும்.

8. அறிந்து நுழைக

இத்தொழிலின் மறுபக்கத்தையும் மறைக்காமல் கூறுவதே முறை. சேவையகம் உறங்காது, ஆகவே அதனைக் காப்பவர்கள் முறைவைத்து இரவிலும் விழித்திருக்க வேண்டும். நன்றாக நடக்கும்போது யாரும் பாராட்டுவதில்லை; நின்றுபோனால் அனைவரும் கேட்கின்றனர். நெடுநேரம் அமர்ந்து செய்யும் பணியாதலால் கண்ணும் முதுகும் தேயாமல் பேணவேண்டும். கற்ற மொழி பத்தாண்டுகளில் பழையதாகலாம். ஓய்வின்றிக் கற்க வேண்டும்.

‘ஆங்கிலம் வரவில்லையே’ என்று சிலர் தயங்குவர். நிரல் மொழிகளின் சொற்களும் பிழைச்செய்திகளும் ஆங்கிலத்திலேயே உள்ளன என்பது உண்மை. அவற்றைப் படித்துப் பொருள் அறியும் அளவுக்கு ஆங்கிலம் வேண்டும். சரளமாக மேடையில் பேசும் ஆங்கிலம் தொடக்கத்திற்குத் தேவையில்லை. ‘இனி இயந்திரமே நிரல் எழுதிவிடுமே’ என்று வேறு சிலர் கேட்பர். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று நிரல் எழுதித் தருகின்றன என்பதும் உண்மையே. ஆனால் மூன்றாம் பகுதியில் கண்ட மூன்று வரிகளை அவை எழுதித் தந்தால், ஒரு படுக்கை இருவருக்கு விற்கப்படும் என்று கண்டுபிடிக்க வேண்டியவர் யார்? கேட்கத் தெரிந்தவருக்கே கருவி பயன்படும்.

நிரலர் தாம் எழுதியதைப் பயன்படுத்துவோரில் பெரும்பாலோரைக் காண்பதே இல்லை. பயணச்சீட்டுக் கேட்டவர், நூல் கேட்டவர், பெயரைப் பதியக் கேட்டவர் எல்லாரும் அவருக்கு ஒரு கோரிக்கையாகவே வந்துசேர்கின்றனர். அக்கோரிக்கைக்குப் பின்னால் ஒரு தமிழ்ச்செல்வி இருக்கிறார் என்று எண்ணி எழுதுபவரே நல்ல நிரலர்.

கலைச்சொல் அறிவோம்

சேவையகம் – கேட்போருக்குச் செய்தியை வழங்கும் கணினி (சர்வர்)
உலாவி – இணையப்பக்கத்தைக் காட்டும் மென்பொருள் (பிரவுசர்)
தரவுத்தளம் – தரவுகளை ஒழுங்காகச் சேமிக்கும் பதிவேடு (டேட்டாபேஸ்)
நிரல் – கணினிக்குரிய கட்டளைத் தொகுதி (புரோகிராம்)
பரிமாற்றம் – முழுமையாக நிறைவேற வேண்டிய செயல்தொகுதி (டிரான்சாக்‌ஷன்)
இரவல் – திருப்பித் தருவதாகப் பெறுவது
பட்டயப்படிப்பு – டிப்ளமா

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. டிம் பெர்னர்ஸ் லீ தம் கணினியின்மேல் சீட்டு ஒட்டியது ஏன்?
2. 404, 500 ஆகிய எண்கள் எவற்றை உணர்த்துகின்றன?
3. பி.எச்.பி. மொழி எந்தத் தேவையிலிருந்து பிறந்தது?

ஆ. சிறுவினா
1. சிவசமுத்திரம் மின்நிலையத்தையும் சேவையகத்தையும் ஒப்பிட்டு எழுதுக.
2. ‘பின்புறத்தில் இருப்பவர் விதியை எழுதுகிறார்’ – இக்கூற்றை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. ‘மைசூரு’ என்னும் சொல்லில் எழுத்துகள் எத்தனை? யூனிகோடு குறியீடுகள் எத்தனை? யூ.டி.எஃப்.-8 முறையில் எத்தனை பைட்டு?

இ. நெடுவினா
பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒருவர் இத்தொழிலில் நுழைவதற்குரிய வழிகளைத் தொகுத்து, அவருடைய குடும்பச் சூழலுக்கு ஏற்ற வழியைக் காரணத்துடன் பரிந்துரைக்க.

ஈ. மொழிப்பயிற்சி
பிரித்து எழுதுக: அலைபேசியுடன், எங்கிருந்து, நள்ளிரவு, கடவுச்சொல்.

உ. செயல்பாடு
உங்கள் வீட்டில் உள்ளோர் கடந்த ஓராண்டில் நிரப்பிய இணையப் படிவம் ஒன்றைப் பற்றிக் கேட்டறிக. அதில் எந்த வினா அவர்களுக்குப் பொருந்தவில்லை? அவ்விதியை நீங்கள் எழுதியிருந்தால் எவ்வாறு எழுதியிருப்பீர்கள்? படிகளைத் தமிழில் எழுதி வகுப்பில் படிக்க.